பிறப்பின் கூறும் பழக்கத்தின் கூறும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அறம் பேச வேண்டிய மேடையில் இரத்தக் கொழுப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர் உள்ளத்தில் எழலாம். உயிரோம்பலே தலையாய அறம் என்று கொண்ட சமயம் இது. பிற உயிரை ஓம்புகின்றவர் தம் உடலில் தங்கியிருக்கும் உயிரையும், தம்மை நம்பியிருக்கும் குடும்பத்தையும் ஓம்பக் கடமைப்பட்டவர். ஆகவே மதுவும் புகையும் இரத்தக் கொழுப்பை எப்படிப் பாதிக்கின்றன, அந்தப் பாதிப்பு ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று அறிவது விரதத்தின் பயனை அறிவதாகவும் அமையும்.

ஓசூர் தமிழகத்தின் எல்லை ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கிருந்து பெங்களூரு வரை ஆலைகளும் குடியிருப்புகளும் தொடர்ந்தே செல்கின்றன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இங்கே வந்து குடியேறினர். இரவு ஷிப்டு முடிந்து ஆலை வாயிலுக்கு வரும் தொழிலாளியின் கையில் தேநீரோடு ஒரு பீடியோ சிகரெட்டோ இருப்பதும், சம்பள நாளில் மதுக்கடையில் கூட்டம் பெருகுவதும் எல்லாரும் நாள்தோறும் காணும் காட்சிகள். அவரைத் தடுத்துப் பேசினால் இரண்டு விடைகளில் ஒன்று வரும். “என் பாட்டனார் எண்பது வயது வரை பீடி குடித்தார், அவருக்கு என்ன ஆயிற்று?” என்பது ஒன்று. “எங்கள் குடும்பத்தில் எல்லார்க்கும் மாரடைப்பு உண்டு, புகைத்தாலும் வரும், புகைக்காவிட்டாலும் வரும்” என்பது மற்றொன்று. முதலாமவர் பிறப்பைத் தம் காவலாகக் கருதுகிறார். இரண்டாமவர் அதையே தம் தண்டனையாகக் கருதுகிறார். இருவரும் பிறப்பே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை அறிவியல் இப்போது தெளிவாகவே காட்டியிருக்கிறது.

முதலில் கொழுப்பின் இயல்பை அறிதல் வேண்டும். கொலஸ்டிரால் என்பது உடலுக்கு வேண்டிய பொருளே. உயிரணுக்களின் சுவரை அமைக்கவும் சில ஹார்மோன்களை உண்டாக்கவும் அது பயன்படுகிறது. நீரில் கரையாத பொருளாதலால் அது இரத்தத்தில் தானே செல்ல இயலாது. புரதம் கலந்த நுண்ணிய துகள்கள் அதைச் சுமந்து செல்கின்றன. நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு லாரிகளை நினைத்துக்கொள்ளலாம். எல்.டி.எல். என்னும் துகள் கல்லீரலிலிருந்து வந்த சரக்கை உடலெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எச்.டி.எல். என்னும் துகள் மிகுதியாகத் தேங்கியதைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. டிரைகிளிசரைடு என்பது எரிபொருளாகச் சேமிக்கப்படும் வேறொரு கொழுப்பு. எல்.டி.எல். லாரி சரக்கை இறக்குவதற்கு உயிரணுவின் வாயிலில் ஓர் ஏற்பி வேண்டும். அந்த ஏற்பியைக் கண்டறிந்தமைக்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் என்னும் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்டால் லாரிகள் சாலையிலேயே தேங்கும். இரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு இளமையிலேயே படியும்.

புகை இந்தப் போக்குவரத்தைப் பல வழிகளில் குலைக்கிறது. எச்.டி.எல். அளவைக் குறைக்கிறது, டிரைகிளிசரைடை உயர்த்துகிறது, எல்.டி.எல். துகள்களைச் சிதைத்து, அவை குழாய்ச் சுவரில் எளிதில் ஒட்டிக்கொள்ளுமாறு செய்கிறது. குழாயின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. மது வேறு வகையில் செயற்படுகிறது. அதைச் சிதைக்கும் வேலையில் ஈடுபட்ட கல்லீரல் டிரைகிளிசரைடை மிகுதியாக ஆக்கி இரத்தத்தில் விடுகிறது. அதே சமயம் எச்.டி.எல். அளவை மது சற்று உயர்த்தவும் செய்கிறது. “சிறிதளவு மது இதயத்திற்கு நல்லது” என்னும் பேச்சு இந்த உயர்வை ஒட்டிப் பிறந்ததே. அப்பேச்சின் கதி என்னவாயிற்று என்பது பின்னர் வரும்.

இனிப் பிறப்பின் கூறு. மனிதர் எல்லாரிடமும் மரபணுத் தொடர் பெரும்பாலும் ஒன்றாகவே உள்ளது. ஆங்காங்கே ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களே ஒருவரின் எல்.டி.எல். உயர்ந்தும் மற்றொருவரின் எல்.டி.எல். தாழ்ந்தும் இருப்பதற்குப் பெரிதும் காரணம். எடுத்துக்காட்டாக, அபோ-இ என்னும் புரதத்திற்கான மரபணு மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. அறிவியலார் அவற்றை 2, 3, 4 என்று எண்ணிட்டு வழங்குவர். மூன்றாம் வடிவமே மிகுதி. நான்காம் வடிவத்தைத் தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ பெற்றவர்க்கு எல்.டி.எல். சற்று மிகுந்திருக்கும்.

இங்கேதான் பழக்கம் நுழைகிறது. பிரிட்டனில் நடுவயது ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2001-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. நான்காம் வடிவம் உடையவர்களில் புகைத்தவர்க்கு இதய நோய் மிகக் கூடுதலாக வந்தது. அதே வடிவம் உடையவராயினும் ஒருபோதும் புகைக்காதவர்க்கு அத்தகைய கூடுதல் காணப்படவில்லை. பிறப்பில் வந்த குறை உள்ளேயே இருந்தது; புகை வந்தபோதுதான் அது வெளிப்பட்டது.

மதுவிற்கும் இத்தகைய சான்று உண்டு. எச்.டி.எல். சுமக்கும் கொழுப்பை வேறு துகள்களுக்கு மாற்றிவிடும் சி.இ.டி.பி. என்னும் புரதம் ஒன்று உள்ளது. அதன் மரபணுவில் காணப்படும் ஒரு மாறுபாடு எச்.டி.எல். அளவை உயர்த்துவதாகக் கருதப்பட்டது. பிரான்சிலும் வட அயர்லாந்திலும் ஆண்களிடையே நடந்து 1995-இல் வெளியான ஆய்வு ஒரு புதுமையைக் காட்டிற்று. அந்த மாறுபாட்டின் விளைவு நாளொன்றுக்கு 25 கிராமும் அதற்கு மேலும் ஆல்கஹால் அருந்தியவரிடமே தெரிந்தது. குடியாதவரிடம் அது தெரியவில்லை. ஒரே மரபணு எழுத்து, வாழ்க்கை முறைக்கு ஏற்ப, பேசியும் பேசாமலும் இருந்தது.

இவை ஓரிரு மரபணுக்களைப் பற்றிய பழைய ஆய்வுகள். 2019-இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு 3,87,272 பேரின் மரபணுத் தொடர் முழுவதையும் அவர்களது புகைப் பழக்கத்தோடு சேர்த்து ஆராய்ந்தது. இரத்தக் கொழுப்போடு தொடர்புடைய 13 புதிய மரபணு இடங்கள் தெரியவந்தன. அவற்றுள் சில, புகைப்பவரையும் புகைக்காதவரையும் பிரித்துப் பார்த்ததனால் மட்டுமே கண்ணுக்குப் புலப்பட்டவை. எல்லாரையும் ஒன்றாகக் கலந்து பார்த்திருந்தால் அவை மறைந்தே இருந்திருக்கும். மதுவையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்த இணையான ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது.  இந்திய மண்ணின் மரபணு வேறுபாடுகள் அவற்றில் போதிய இடம் பெறவில்லை என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

சமண நூல்களில் பழகியவர்க்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. ஒரு காரியம் நிகழ உபாதானம், நிமித்தம் என்னும் இரண்டும் பேசப்படுகின்றன. மண் குடத்திற்கு உபாதானம்; குயவனும் சக்கரமும் நிமித்தம். மரபணுவை உபாதானம் போலவும் புகையையும் மதுவையும் நிமித்தம் போலவும் எண்ணிப் பார்த்தால் இந்த ஆய்வுகளின் உட்பொருள் எளிதில் விளங்கும். முன்னரே கட்டுண்ட வினையின் காலமும் வலிமையும் இப்போதைய ஒழுக்கத்தால் மிகுதலை உத்கர்ஷணம் என்றும் குறைதலை அபகர்ஷணம் என்றும் ஆசிரியர் கூறுவர். வினை உண்டு என்ற அதே நூல்கள் முயற்சிக்கும் இடம் வைத்தன. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. மரபணுவே கர்மம் என்று சொல்லிவிடுதல் சமயத்திற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழுக்காகும். கர்மம் உயிரைப் பற்றிய கோட்பாடு. மரபணு உடலைப் பற்றிய கண்டுபிடிப்பு. இங்கே கூறியது விளக்கத்திற்கான உவமை அளவே. ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் கண்டுவிட்டதாக எண்ணலாகாது என்னும் அநேகாந்தப் பார்வை மருத்துவத்திற்கும் பொருந்துகிறது என்பதே இதில் கொள்ளத்தக்கது.

இனி, தொலைவிலுள்ள நாடுகளை விட்டு அருகில் வருவோர்க்கு, ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ள பெங்களூருவே ஒரு சான்றைத் தருகிறது. அந்நகரில் மாரடைப்பு வந்த 200 பேரையும் வராத 200 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 1996-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. மாரடைப்பிற்கு முதன்மையான காரணமாக அதில் தெரிந்தது புகையே. சிகரெட், பீடி என்ற வேறுபாடின்றி நாளொன்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் புகைத்தவர்க்கு ஆபத்து 6.7 மடங்காக இருந்தது. புகையோடு இரத்தச் சர்க்கரையும் உயர்ந்திருந்தவர்க்கு அது பத்து மடங்கைத் தாண்டிற்று. மரக்கறி உணவினர்க்கு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்பதும் அந்த ஆய்வில் உண்டு. பீடி இலேசானது, சிகரெட்டே கெடுதி என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் முதலான ஒன்பது காரணங்களே உலகெங்கும் மாரடைப்பின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று அது காட்டிற்று. அதன் தொடர்ச்சியாக 2007-இல் வந்த கட்டுரை, தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும் பிற நாட்டார்க்கு ஏறத்தாழ 59 என்றும் தெரிவித்தது. இந்த ஆறு ஆண்டு வேறுபாட்டைக் குடும்பத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவரின் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக் கடன் தவணை முடிந்திராது. வயது முதிர்ந்த தாய் அவர் கையையே எதிர்பார்த்திருப்பார். ஆலையிலிருந்து வீடு திரும்பாத ஒரு தந்தைக்கு ஈடாக எந்த இழப்பீட்டுத் தொகையும் நிற்பதில்லை.

“சிறிதளவு மது நல்லது” என்னும் பேச்சிற்கு இப்போது வரலாம். மது எச்.டி.எல். அளவை உயர்த்துவது உண்மை. எச்.டி.எல். உயர்ந்தால் இதயம் காக்கப்படுமா என்பதே கேள்வி. பிறவியிலேயே எச்.டி.எல். மிகுந்திருக்குமாறு செய்யும் மரபணு மாறுபாடு ஒன்றை உடையவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வரவில்லை என்று 2012-இல் தெரியவந்தது. எச்.டி.எல். அளவை மருந்தால் உயர்த்திப் பார்த்த முயற்சி ஒன்று 2006-இல், மருந்து உண்டவரிடையே இறப்பு மிகுந்ததனால் நிறுத்தப்பட்டது. சீனாவில் ஐந்து லட்சம் பேரைக் கொண்ட ஆய்வு, மது அருந்தும் அளவைப் பிறவியிலேயே தீர்மானிக்கும் மரபணுக்களைக் கொண்டு கணக்கிட்டு, மிதமான குடி பக்கவாதத்தைத் தடுப்பதில்லை என்று 2019-இல் அறிவித்தது. இந்தியத் தொழிலகங்களைச் சார்ந்த ஆண்களிடையே நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்விலும் குடிப்பவர்க்கு இதய நோய் குறைந்து காணப்படவில்லை; மிகுந்தே காணப்பட்டது. பரிசோதனைத் தாளில் ஓர் எண் அழகாகத் தோன்றுவதும் இதயம் நலமாக இருப்பதும் வேறு வேறு.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களுள் மது, புலால், தேன் ஆகியவற்றை விலக்குவதையும் வைத்தது. அந்நூலைத் தழுவிய தமிழ் நூலாக அருங்கலச்செப்பு இருக்கிறது. மதுவில் நுண்ணுயிர்கள் மாள்கின்றன என்பதும், மயக்கத்தில் அறிவு கெடுகிறது என்பதும் முன்னோர் காட்டிய காரணங்கள். புகையிலையோ அவர்கள் காலத்தில் இந்நாட்டிலேயே இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தது. ஆயினும் தன்னையும் அருகிலிருப்போரையும் வருத்தும் பொருள் எதுவாயினும் விலக்கத்தக்கது என்னும் நெறி அதற்கும் பொருந்தும். ஒருவர் விடும் புகை அவர் மனைவி மக்களின் இரத்தக் குழாயையும் தாக்குகிறது. ஆகவே அதில் அகிம்சை விரதமும் சேர்ந்தே முறிகிறது.

விரதம் காக்கும் குடும்பங்கள் “இது பிறர்க்குரிய செய்தி” என்று அமைதி கொள்வதற்கும் இடமில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014-இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு 79 பேரிடம் ஏதேனும் ஒரு கொழுப்புக் குறை இருந்தது. 72 பேரிடம் எச்.டி.எல். தாழ்ந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடிகாரரோ புகைப்பவரோ அல்லர். மாவுப்பண்டமும் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் மிகுந்து, நடை குறைந்த வாழ்வும் இதற்குக் காரணம். எல்.டி.எல். ஏற்பி பிறவியிலேயே பழுதான குடும்பங்களில், தூய மரக்கறி உண்போர்க்கும் கொழுப்பு மிக உயர்ந்து நிற்கும். அக்குறை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

இன்னொரு செய்தியும் சமுதாயத் தலைவர்கள் அறியத்தக்கது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணவுறவு கொண்ட இந்தியக் குழுக்களில் சில மரபணு மாறுபாடுகள் திரண்டு நிற்கின்றன என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்திய மக்களின் மரபணு வேறுபாட்டைப் பதிவு செய்யப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் வழிநடத்திய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம், பதினாயிரம் இந்தியரின் மரபணுத் தொடரைத் திரட்டி 2025 ஜனவரியில் ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டது. வருங்காலத்தில் இம்மண்ணுக்குரிய விடைகள் அதிலிருந்து வரக்கூடும். அதுவரை, விலை மிகுந்த மரபணுச் சோதனையைத் தேடி ஓட வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. குடும்ப வரலாறே கைக்கெட்டிய மரபணுச் சோதனை. தந்தைக்கோ உடன்பிறந்த ஆண்மகனுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அக்குடும்பத்தார் இளமையிலேயே கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கண்டு, பிள்ளைகளையும் சோதிக்கச் செய்தல் வேண்டும். மருத்துவர் ஸ்டாடின் மருந்து எழுதினால் அதை விரதத்திற்கு மாறானதென்று விலக்குதல் தகாது. மாத்திரையின் உறை பற்றிய ஐயம் இருந்தால் மருத்துவரிடமே கேட்டுத் தக்கதைப் பெறலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியிலேயே தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாயிலிலேயே பார்க்கப்படுகின்றன. மாரடைப்பு அறிகுறியோடு வருவோர்க்கு முதல் மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023-இல் தொடங்கியது. இவற்றை இரவு ஷிப்டுத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லி அழைத்துச் செல்வது அறப்பணியே.

இவ்வவையில் ஆலை நடத்துவோரும் கடை நடத்துவோரும் பலர் உள்ளனர். ஆலை உரிமையாளர் தம் தொழிலாளர்க்கு ஆண்டுக்கு ஒருமுறை ஷிப்டு நேரத்திலேயே, கூலிக் குறைவின்றிக் கொழுப்புப் பரிசோதனைக்கு வழி செய்யலாம். முடிவு தொழிலாளிக்கு உரியது. அதைக் காட்டி அவரை வேலையினின்று விலக்கும் எண்ணம் எழலாகாது. கடை நடத்துவோர்க்கு ஒரு கேள்வி. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து கர்மாதானங்களுள் மது முதலியவற்றை விற்கும் ரச வாணிஜ்யமும் நஞ்சு விற்கும் விஷ வாணிஜ்யமும் உள்ளன. தாம் தொடாத பீடிக் கட்டைத் தம் கடைப் பலகையில் அடுக்கி, ஆலை வாயிலில் நிற்கும் ஏழைக்கு விற்பது அந்நெறிக்கு ஒத்ததா என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வாங்குகின்றவரின் மரபணுவில் எந்த எழுத்து இருக்கிறது என்பதை விற்கின்றவர் அறியார், வாங்குகின்றவரும் அறியார்.

பாட்டனாரைச் சான்று காட்டிய தொழிலாளிக்கு இதுவே விடை. பாட்டனாரின் மரபணுக்களில் ஏறத்தாழக் கால் பங்கே பேரனுக்கு வந்திருக்கிறது. அவரைக் காத்த எழுத்து அந்தக் கால் பங்கில் இருக்கிறதா என்று யாரும் உறுதி கூற இயலாது. அவரோடு புகைத்து இளமையிலேயே மறைந்தவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்ல இன்று எவரும் எஞ்சியில்லை. குடும்ப நோயைக் காட்டி நம்பிக்கை இழந்தவர்க்கும் விடை உண்டு. வலுவற்ற மரபணு உடையவரே புகையை விடுவதால் மிகுந்த பயன் பெறுபவர். புகையை நிறுத்திய சில வாரங்களிலேயே எச்.டி.எல். உயரத் தொடங்குகிறது, ஓராண்டில் மாரடைப்பின் கூடுதல் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அவரைப் பழிக்காமல், கைப்பிடித்து அழைத்துவர உறவினரும் உடன் பணிபுரிவோரும் முன்வர வேண்டும்.

இவ்வட்டாரம் பழைய தகடூர் நாட்டைச் சார்ந்தது. தகடூர் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகேயுள்ள திருமலையில் ஒரு திருப்பணி செய்தான். தன் முன்னோனாகிய சேர மரபின் எழினி செய்வித்த இயக்கன், இயக்கி திருவுருவங்கள் சிதைந்திருக்கக் கண்டு, அவற்றைப் புதுப்பித்து மீண்டும் நிறுவினான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முன்னோர் தந்தது சிதைந்திருந்தது. அதைச் சிதைந்தபடியே விடுவதும் செப்பனிடுவதும் வழிவந்தவன் கையில் இருந்தது. ஒவ்வொருவரும் பெற்றோரிடமிருந்து பெற்ற உடலும் அத்தகையதே. இன்று எடுக்கும் விரதத்தை அந்தச் செப்பனிடும் பணியாகக் கொண்டு இல்லந்தோறும் காத்துவருக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜெய் ஜினேந்திரா.